ஹமாடா வீட்டுப் பெண்ணின் பயணங்கள்

ரொறொன்ரோ, 1985 பெப்ரவரி 17

காலையில் மைனஸ் பதினொன்று. மேகமூட்டம். பின்னேரம் சிறிது பனி.

நேற்றுச் சாப்பாட்டு மேசையில் மருமகள் கிரேஸ் தன் பயணத் திட்டத்தைச் சொன்னாள். இந்தக் கோடையில் கனடாவின் மேற்குக் கரை, பிரிட்டிஷ் கொலம்பியா. தகப்பன் மீன்பிடித்த ஊரை முதலில் பார்ப்பாளாம். பிறகு, இரண்டாம் உலக யுத்த காலத்தில் அரசாங்கம் யப்பானியக் குடும்பங்களைக் கொண்டுபோய் அடைத்து வைத்த மலைப் பள்ளத்தாக்கு. அவள் பிறந்தது அந்த முகாமில்தான். அதற்கடுத்த வருடம், கலைஞர்களுக்கான மானியம் கிடைத்தால், யப்பான்.

அவள் அச்சுப்படக் கலைஞர். மரப்பலகையில் செதுக்கி, மை தடவி, தாளில் ஒற்றி எடுப்பவள். “நாற்பது வயதாகிறது அப்பா. என் முகத்தைப் பார்த்து யப்பான்காரி என்கிறார்கள். நான் செதுக்குகிற எதிலும் யப்பான் இல்லை. அந்த மொழியும் தெரியாது. அது என்னவென்று போய்ப் பார்க்கவேண்டும்” என்றாள். என் மகன் மகேஸ்வரன் சொல்வதைக் கேட்டு அவளும் என்னை அப்பா என்றே கூப்பிடுகிறாள். நாங்கள் பேசுவது ஆங்கிலத்தில். இங்கே என் தமிழில் எழுதிக்கொள்கிறேன்.

கொழும்பு வளிமண்டலவியல் திணைக்களத்தில் ஓய்வுபெறும் வரை முன்னறிவிப்பு எழுதியவன் நான். பழக்கம் விடவில்லை. எழுதிவைத்தால் எங்கே பிழைத்தேன் என்று பிறகு பார்க்கலாம். ஆகவே, வரப்போவது:

1. அவள் தேடுவது பயணத்தால் கிடைக்காது.

2. யப்பானில் இருக்கும் உறவினர் அவளைத் தங்கள் ஆளாக ஏற்கமாட்டார்கள்.

3. ஏற்றுக்கொண்டால் அவள் திரும்பி வரமாட்டாள்.

4. மகேஸ்வரன் மறிக்கமாட்டான்.

5. நான் இந்த வீட்டில் விருந்தாளி. இதில் நான் செய்யவோ சொல்லவோ ஒன்றும் இல்லை.

இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றையொன்று வெட்டுகின்றன. திணைக்களத்தில் இப்படி எழுதிக் கொடுத்திருந்தால் மேலதிகாரி திருப்பி அனுப்பியிருப்பார். ஆனால் எனக்கு இரண்டுக்கும் பயமாக இருக்கிறது. என்ன செய்ய?

மார்ச் 3

துணி தோய்க்கும் மெஷினுக்காகக் கீழே இறங்கினேன். நிலவறையில் பாதி கிரேஸின் வேலைக்கூடம். தேவையில்லாமல் நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. இன்றைக்குப் பார்த்துவிட்டேன். அச்சுப்பொறிக்கு மேலே உள்ள தட்டில் வெள்ளைத் துணி சுற்றி முடிச்சுப் போட்ட சதுரப் பெட்டி. முன்னால் ஒரு தோடம்பழம்.

மகேஸ்வரனைக் கேட்டேன். “அது கிரேஸின்ர அப்பா” என்றான், பத்திரிகையிலிருந்து தலையை எடுக்காமல்.

ஹமாடா போன வருடம் பெப்ரவரியில் காலமானார். தகனத்துக்கு நானும் போயிருந்தேன். எலும்புகளைப் பெட்டியில் வைத்து மனைவியிடம் கொடுத்தார்கள் என்பது தெரியும். அதோடு காரியம் முடிந்தது என்று நினைத்திருந்தேன். தாயார் வீட்டில் இடமில்லாததால் மகள் கொண்டுவந்தாளாம்.

எங்களில் தகனத்துக்குப் பிறகு காடாற்றியதும் எலும்பையும் சாம்பலையும் கடலில் கரைத்துவிடுவோம். வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை. அந்தியேட்டிக் கிரியை முடிந்தால் போனவர் போய்விட்டார். இந்த மனிதர் ஒரு வருடமாகப் போகவும் முடியாமல், இருக்கவும் முடியாமல், தோய்க்கிற மெஷினுக்குப் பக்கத்தில்.

கிரேஸுக்கு ஆண் சகோதரம் இல்லை. கடைசிக் காரியம் செய்து கொடுக்க ஆள் இல்லாமல்தான் இப்படிக் கிடக்கிறதோ?

மார்ச் 24

மூன்று பாகை. தென்மேற்குக் காற்று, மிதமானது.

பஸ் எடுத்து ஏரிக்கரைக்குப் போனேன். ஸ்காபரோ செங்குத்துக் கரைக்குக் கீழே, தண்ணீர் வரைக்கும் இறங்கக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது. பனி உருகியதும் வயதானவர்களும் இறங்கலாம். திருமதி ஹமாடாவுக்குக் கைப்பிடி ஒன்று இருந்தால் நல்லது. மகேஸ்வரன் பிடித்துக்கொள்வான்.

கடல் இல்லைத்தான். ஆனால் இந்தத் தண்ணீர் ஆறு வழியாகக் கடலுக்குத்தான் போகிறது. வரைபடத்தில் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

ஏப்ரல் 18

மகேஸ்வரனிடம் சொன்னேன். சொல்ல மூன்று வாரம் எடுத்தது. அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, “நல்ல விசயம்தானே அப்பா. கிரேஸிட்ட நான் கதைக்கிறன்” என்றான். எனக்குப் பெரிய பாரம் இறங்கியது போல இருந்தது.

ஏப்ரல் 21

எழுதக் கை வரவில்லை.

நேற்றுச் சாப்பாட்டில் மகேஸ்வரன் கதையை எடுத்தான். அன்போடுதான் எடுத்தான். அப்பா இடமும் பார்த்து வைத்திருக்கிறார், வருகிற சனிக்கிழமை காற்றும் இல்லையாம் என்றான். கிரேஸ் முதலில் விளங்காமல் சிரித்தாள். பிறகு விளங்கியது. கரண்டியை வைத்தாள். கணவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

“என் அப்பாவை ஏரியில் கொட்டவா?”

அவளே தொடர்ந்தாள்.

“அவருடைய படகை எடுத்து விற்றார்கள். வீட்டை எடுத்தார்கள். மலைக்குள் அடைத்தார்கள். அங்கிருந்தும் துரத்தினார்கள். இந்த நாட்டில் அவர் பெயரில் ஒரு ஆணிகூட மிஞ்சவில்லை. கடைசியில் பெயர் பொறித்த ஒரு கல்லுக்குக் கீழேயாவது வைக்கவேண்டும் என்றுதான் காத்திருக்கிறேன். அவரையும் இடமில்லாமல் ஆக்கவா?”

அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நான் என்ன சொன்னேன்? மன்னிப்புக் கேட்டேனா? இல்லை. “சனிக்கிழமை காற்று அஞ்சு கிலோமீற்றருக்கு மேல போகாது” எண்டு சொன்னன். ஐயோ, அதைத்தான் சொன்னன். வேற ஒண்டும் வாயில வரேல்லை.

பெட்டியைக் காரில் வைத்துத் தாயார் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள்.

ஏப்ரல் 22

சொல்ல ஒன்றும் இல்லை என்று ஐந்தாவதை எழுதியவனும் நான். மீறியவனும் நான். இனி வாய் திறக்கக்கூடாது.

யூலை 6

கிரேஸ் ரயிலில் மேற்கே போனாள். எனக்குக் கை அசைத்தாள். மரியாதைக்கு.

ஓகஸ்ட் 19

திரும்பிவிட்டாள். வெயிலில் கறுத்திருக்கிறாள். மகேஸ்வரனிடம் நிறையக் கதைத்தாள். என்னிடம் தேநீர் வேண்டுமா என்று கேட்டாள். ஏப்ரலில் இருந்து எங்களுக்குள் இவ்வளவுதான்: தேநீர், தபால், தோய்க்கிற மெஷின்.

இருவரும் கடைக்குப் போன நேரம் கீழே போய், கொடியில் காயப்போட்டிருந்த தாள்களைப் பார்த்தேன். முகாம் இருந்த பள்ளத்தாக்கில் இப்போது மாடுகள் மேய்கின்றன. குடிசைகள் ஒன்றும் இல்லை. அடுப்புக் கதவு ஒன்றைப் புல்லுக்குள் கண்டெடுத்து, அதன் மேல் தாளை வைத்து மையால் ஒற்றி எடுத்திருக்கிறாள். துருவின் ஒவ்வொரு புள்ளியும் தெரிகிறது. தகப்பனின் ஊரில் பழைய படகுக் கொட்டிலின் பலகைகள். அவற்றையும் அப்படியே.

மிக நல்ல வேலை. ஆனால் எல்லாம் கனடாவின் மரமும் கனடாவின் இரும்பும். யப்பானைத் தேடிப் போனவள் கனடாவை ஒற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். முதலாவது சரிவரும் போலிருக்கிறது. சரிவருவதில் ஏன் எனக்குச் சந்தோசம் இல்லை?

1986 மார்ச் 11

மானியம் கிடைத்துவிட்டது. கியோத்தோவில் ஓர் ஆசிரியரிடம் ஆறு மாதம். பிறகு அவளுடைய விருப்பம்.

மகேஸ்வரன் வாழ்த்தினான். மறிக்கவில்லை. நாலாவது சரி.

ஓகஸ்ட் 14

இருபத்தாறு பாகை. ஈரப்பதன் அதிகம்.

நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் தப்பிவந்த எங்கள் தமிழ் ஆட்கள் நூற்றைம்பதுக்கு மேல் பேரை மீனவர்கள் கண்டெடுத்திருக்கிறார்கள். நாலு நாளாக ரேடியோவில் வேறு கதை இல்லை. இன்றைக்குச் சனங்கள் தொலைபேசியில் அபிப்பிராயம் சொல்லும் நிகழ்ச்சி. திருப்பி அனுப்புங்கள் என்றார் ஒருவர். இவர்கள் எங்களோடு ஒருநாளும் சேரமாட்டார்கள் என்றார் ஒரு பெண். குரல் மிகவும் மென்மையானது. நான் குசினியில் ரேடியோவுக்கு முன்னால் இருந்தேன். நிறுத்தவும் தோன்றவில்லை. 83 யூலையில், தமிழர் வீடுகளை எரிக்கக் கொழும்பில் எங்கள் ஒழுங்கைக்குள் அவர்கள் வந்த அன்றைக்கும் இப்படித்தான் கதிரையில் இருந்தேன். அடுத்த வீட்டுக்காரர் இழுத்துக்கொண்டு போகாவிட்டால் இருந்தபடியே எரிந்திருப்பேன்.

கிரேஸ் கீழிருந்து வந்தாள். கையெல்லாம் மை. ரேடியோவை நிறுத்திவிட்டு எதிரே இருந்தாள். ஒரு வருடத்துக்குப் பிறகு.

“அந்தப் பெண் சொன்ன வசனம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பாடம். என் அம்மா இங்கே பிறந்தவர். அவரைப் பார்த்தே அதைச் சொன்னார்கள்” என்றாள்.

பிறகு நானே எதிர்பாராத கேள்வி ஒன்றைக் கேட்டாள். கொழும்பில் எரிந்த வீட்டிலிருந்து ஏதாவது எடுத்து வந்தேனா என்று. நான் ஒன்றும் இல்லை என்றேன். மழைமானி ஒன்று முற்றத்தில் நின்றது, அது செம்பு, எரிந்திருக்காது, ஆனால் போய்ப் பார்க்கவில்லை என்றேன். அவள் தலையாட்டினாள். ஏரி விசயத்தை அப்போது சொல்லி மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ஒக்டோபர் 5

விமான நிலையம். பெட்டியைத் தாயாரிடமிருந்து வாங்கி, மடியிலேயே வைத்துக்கொண்டு போகிறாள். தகப்பன் பிறந்த கிராமத்தில், குடும்பக் கல்லுக்குக் கீழே வைக்கவாம். வெள்ளைத் துணிக்கு மேலே ஊதாத் துணி. அதிகாரி என்னவென்று கேட்டபோது “என் தகப்பன்” என்றாள். அவர் தொப்பியைக் கழற்றினார்.

மகேஸ்வரன் திரும்பி வரும்போது பிழையான வழியில் திரும்பி ஒஷாவா பக்கம் வெகுதூரம் ஓடிவிட்டான்.

டிசம்பர் 21

செல்வரட்ணம் வந்தார். மோர்னிங்சைட்டில் இருக்கிறார். ஊரில் கூட்டுறவுச் சங்கத்தில் மனேச்சர். இங்கே ஒரு கட்டடத்துக்குக் காவல். வாய் சும்மா இருக்காது.

“அண்ணை, உங்கட மருமகள் யப்பான்காரியெண்டு யப்பானுக்குப் போட்டா. பொடியன் என்ன செய்யிறது, கிமோனோ உடுத்துக்கொண்டு பின்னால போறதே?”

நான் சிரித்தேன். சிரித்திருக்கக்கூடாது. அவர் பயணப்பட்டு வாசலில் சப்பாத்துப் போடும்போது, சிரிப்பை விட்டுவிட்டு, “உண்மையாக் கேக்கிறன் அண்ணை. அவ வருவாவே?” என்றார்.

தெரியாது என்றேன். திணைக்களத்தில் அந்தச் சொல்லை ஒருநாளும் எழுத விடமாட்டார்கள்.

1987 ஜனவரி 21

மைனஸ் பத்தொன்பது. வடமேற்குக் காற்று.

பகல் தொலைபேசி அடித்தது. கிரேஸ். மகேஸ்வரன் வேலையில் என்று தெரிந்தும் எடுத்திருக்கிறாள். அல்லது தெரிந்துதான் எடுத்தாளோ?

குரல் போய்ப் போய் வந்தது. ஆசிரியர் கடுமையானவராம். மூன்று மாதம் கத்தி தீட்டுவதையும் தாளை நனைப்பதையும் தவிர ஒன்றும் விடவில்லையாம். தெருவில் எல்லோரும் அவளிடம் வழி கேட்கிறார்களாம், அவள் வாய் திறந்ததும் திகைக்கிறார்களாம். “ரொறொன்ரோவில் என் முகம் பிழை, வாய் சரி. இங்கே முகம் சரி, வாய் பிழை” என்றாள். ஆனாலும் கூட்டத்தில் ஒருவரும் திரும்பிப் பார்க்காமல் நடப்பது எப்படி இருக்கும் என்று இப்போதுதான் தெரிகிறது, அது பெரிய ஓய்வு என்றாள்.

பெட்டி இன்னும் அவளுடைய அறையில்தான் இருக்கிறது. தகப்பனின் கிராமத்துக்குப் போகவில்லை. அவர் பன்னிரண்டு வயதில் விட்டுவந்த இடம். அவரை அங்கே ஏற்க மறுத்தால் என்ன செய்வது என்று பயமாம்.

பிறகு சொன்னாள்: “அப்பா, இன்னொரு வருடம் இருக்கலாம் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகும் ஒருவேளை. மகேஷிடம் எப்படிச் சொல்வது?”

வா என்று சொல்ல வாய் உன்னியது. அவன் சாப்பாட்டு மேசையில் உன் கதிரையை இழுத்து வைத்துவிட்டுத் திரும்ப உள்ளே தள்ளுகிறான் என்று சொல்லவேண்டும் போல இருந்தது. சொல்ல நான் யார்? கடைசியாகச் சொன்னபோது என்ன நடந்தது?

“அங்கே காலநிலை எப்படி?” என்று கேட்டேன்.

“குளிர்” என்றாள். வைத்துவிட்டாள்.

ஜனவரி 22

கோழை. எழுபது வயதுக் கோழை.

பெப்ரவரி 8

திருமதி ஹமாடாவிடம் தனியே போனேன். இரண்டு பஸ், ஒரு சப்வே. டவுன்ரவுனில் முதியோர் மாடிக் கட்டடம். கிரேஸைப் பற்றிக் கேட்கப் போனேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மையில் ஏரி விசயத்துக்கு மன்னிப்புக் கேட்கப் போனேன். தேநீர் ஆறும் வரைக்கும் சொல்ல வரவில்லை. பிறகு சொன்னேன். இடம் பார்த்தது, காற்றுப் பார்த்தது, அவருக்காகக் கைப்பிடி யோசித்தது, எல்லாம்.

அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார்.

“அவருக்கு நீந்தத் தெரியாது, மிஸ்டர் குலசிங்கம். முப்பது வருடம் மீன்பிடித்தார். தண்ணீருக்கு அவ்வளவு பயம். உங்கள் ஏரியில் விட்டிருந்தால் என்னைத் தூங்க விட்டிருக்கமாட்டார்.”

நானும் சிரித்தேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு.

பிறகு அவர் தேநீர்க் கோப்பையைத் திருப்பித் திருப்பி வைத்தார். மகளுக்குத் தகப்பனை வைக்க மனமில்லை, வைத்துவிட்டால் அங்கே இருக்கக் காரணம் இல்லாமல் போகும், இங்கே வரவும் காரணம் இல்லாமல் போகும், அதனால்தான் பெட்டியோடு இருக்கிறாள் என்றார். “நான் சொன்னால் கேட்கமாட்டாள். முகாமைப் பற்றி ஒருநாளும் வாய் திறக்காத அம்மா இப்போது மட்டும் ஏன் பேசுகிறாள் என்பாள். நீங்கள் சொல்லுங்கள்.”

நானா?

“உங்களிடம் அவள் கோபித்திருக்கிறாள். கோபித்த ஆள் சொன்னால்தான் அவள் யோசிப்பாள்.”

பெப்ரவரி 15

சொல்லவேண்டியதை முதலில் தாளில் எழுதினேன். நாலு வசனம். இரண்டாக வெட்டினேன். மகேஸ்வரனிடம் இலக்கம் வாங்கி, அவன் முன்னாலேயே எடுத்தேன்.

“உன் அப்பாவைக் கொண்டுபோய் வை, கிரேஸ். பிறகு நீ எங்கே இருக்க விரும்புகிறாயோ அங்கே இரு.”

அவள் பதில் சொல்ல முதல், ஏரிக்காக மன்னிப்பும் கேட்டுவிட்டேன். அது தாளில் இருக்கவில்லை.

போனை மகேஸ்வரனிடம் கொடுத்துவிட்டு அறைக்குப் போனேன். பிறகு அவன் வாசலில் வந்து நின்றான்.

“ஏன் அப்பா அப்பிடிச் சொன்னனீங்கள், விரும்பின இடத்தில இருக்கச் சொல்லி?”

“நீ சொல்லமாட்டாய். மறிக்கவும் மாட்டாய். யாராவது ஒண்டு சொல்லத்தானே வேணும்.”

“மறிச்சால் நிப்பா, அப்பா. அதுக்குத்தான் மறிக்கேல்லை.” சொல்லிவிட்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். என் மகனை எனக்கு இவ்வளவு காலமும் தெரியவில்லை.

மார்ச் 29

செய்தி இல்லை. மழையும் பனியும் கலந்து.

ஏப்ரல் 25

வருகிறாளாம். அவ்வளவுதான் தந்தியில். திரும்பி இருக்க வருகிறாளா, சொல்லிவிட்டுப் போக வருகிறாளா என்று இல்லை. மகேஸ்வரன் வீட்டை இரண்டு தடவை கூட்டினான்.

மே 10

பதினாறு பாகை. வானம் தெளிவு.

நேற்று வந்தாள். மெலிந்திருக்கிறாள். கையில் பெட்டி இல்லை.

இன்று சாப்பிட்ட பிறகு எல்லாம் சொன்னாள். மறக்க முதல் எழுதுகிறேன்.

கிராமம் கடலோரம், மலைக்குக் கீழே. நல்ல யப்பானிய ஊர் ஒன்றைப் பார்க்கப் போகிறேன் என்று நினைத்துப் போனாளாம். போய் இறங்கினால் பலகை அடித்துப் பச்சை வர்ணம் பூசிய வீடுகள், மேலே தூக்கித் திறக்கும் ஜன்னல்கள், காலையில் பாணும் பட்டரும். கனடாவில் மீன்பிடித்துவிட்டுத் திரும்பிய கிழவர்கள் கட்டியவை. அவர்களில் ஒருவர்தான் மொழிபெயர்த்தாராம், முப்பதுகளின் மீன் தொழிற்சாலை ஆங்கிலத்தில், கெட்ட வார்த்தைகளோடு. “யப்பானைத் தேடிக் கடைசியாகப் போன இடத்தில் என் அப்பாவின் கனடா இருந்தது” என்றாள்.

தகப்பனின் ஒன்றுவிட்ட தமையன் மனைவி இருக்கிறார். எண்பது வயது, கூன். பெட்டியைக் கண்டதும் ஒரு கேள்வியும் இல்லை. இரண்டு கைகளாலும் வாங்கி, அதனோடு கதைத்துக்கொண்டே உள்ளே போனாராம், வெளியூரிலிருந்து வந்த பிள்ளையைக் கூட்டிப் போவதுபோல. அடுத்த நாள் குருக்கள் வந்தார். குடும்பக் கல்லின் முன் பலகையை நகர்த்தி, எலும்பை உள்ளே வைத்தார்கள். ஹமாடா என்று கல்லில் எழுதியிருக்கிறது. அவளுக்கு வாசிக்கத் தெரிந்த சில எழுத்துகளில் அவையும் அடக்கம்.

“அப்போது கேட்டேன் அப்பா. எனக்கும் இதற்குள் இடம் உண்டா என்று.”

கிழவி அவளை நெடுநேரம் பார்த்தாராம். பிறகு சொன்னதை அந்த மீன்காரக் கிழவர் மொழிபெயர்த்தார். இல்லை. நீ கட்டிப்போன பெண். உன் இடம் உன் மாமனார் வீட்டுக் கல்லுக்குக் கீழே. இது தகப்பன் வீடு. நீ இங்கே விருந்தாளி. எப்போதும் வரலாம், சாப்பிடலாம், தங்கலாம். ஆனால் விருந்தாளி.

“கோபம் வந்ததா?” என்று மகேஸ்வரன் கேட்டான்.

“வந்தது. நவீனப் பெண், இருபதாம் நூற்றாண்டு, எல்லாம் வந்தது. பிறகு அவர், ஊதுபத்தி வைக்க முதல் எந்த வீட்டிலிருந்து வந்தவள் என்று முன்னோருக்குச் சொல்லு, வீட்டுக்குப் பெரியவர் யார் என்று சொல்லு என்றார். அப்படிச் சொல்லாமல் வைக்கக்கூடாதாம்.”

அவள் என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துச் சொன்னாள்.

“குலசிங்கம் வீடு என்றேன். கிழவிக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகினார். பிறகு சத்தமாகக் கல்லுக்குச் சொன்னார்.”

நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன்.

திரும்பி வந்ததும் கேட்டாள். “எங்கள் கல் எங்கே இருக்கிறது, அப்பா?”

மே 11

எங்களுக்குக் கல் இல்லை. இதை எப்படிச் சொல்வது?

என் மனைவி மனோரஞ்சிதம் கொழும்பில் காலமானாள். சாம்பலை ரயிலில் கொண்டுபோய்க் கீரிமலைக் கடலில் கரைத்தேன். என் தகப்பனும் அங்கேதான், பாட்டனும் அங்கேதான். பெயர் இல்லை, இடம் இல்லை, அதுதான் விடுதலை என்று எனக்குச் சொல்லித் தந்தார்கள். நானும் நம்பினேன். இப்போதும் நம்புகிறேனா? இப்போது அந்தக் கடற்கரைக்கு ஆமிக்காரரைக் கேட்காமல் போக முடியாது.

தேநீரோடு இதையெல்லாம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். “அப்படியென்றால் நான் எங்கே போவது?” என்றாள். அவ்வளவுதான். குற்றமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு ஒரு வீட்டுப் பெரியவன் பதில் சொல்லவேண்டும்.

நவம்பர் 15

கிரேஸின் படங்கள் குவீன் தெருவில் ஒரு கூடத்தில். பச்சை வர்ணப் பலகை வீடுகள், பின்னால் யப்பானிய மலை. செல்வரட்ணத்தையும் கூட்டிப் போனேன். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

“உது கனடாவோ யப்பானோ அண்ணை?”

“இரண்டும்.”

“அப்ப விலை இரட்டிப்பாக்கும்” என்றார். கிரேஸுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். நெடுநாளுக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

1988 மார்ச் 2

மூன்று நாள் ஆஸ்பத்திரி. நெஞ்சுவலி. பெரிய ஆபத்து இல்லை என்கிறார்கள். தாதி, நோயாளிக்கு என்ன உறவு என்று கேட்டதற்குக் கிரேஸ் “மகள்” என்று சொன்னது திரைக்கு அப்பால் கேட்டது.

செப்டெம்பர் 22

அரசாங்கம் யப்பானியக் கனேடியர்களிடம் மன்னிப்புக் கேட்டது. திருமதி ஹமாடா எங்கள் வீட்டில் இருந்து தொலைக்காட்சியில் பார்த்தார். முடிந்ததும் இன்னொரு கோப்பை தேநீர் கேட்டார். கிரேஸ் தாயின் காலடியில் நிலத்தில் இருந்தாள்.

ஒக்டோபர் 2

செல்வரட்ணத்திடம் என் யோசனையைச் சொன்னேன்.

“அண்ணை, உங்களுக்கென்ன விசரே? நாங்கள் கல்லுக்குக் கீழ போற ஆக்களே? சனம் என்ன சொல்லும்?”

“எலும்பில் பாதி தண்ணிக்கு. பாதி கல்லுக்கு.”

“சாத்திரத்தில அப்பிடிப் பாதி உண்டோ?”

இல்லை என்றுதான் நினைக்கிறேன். பார்க்கவில்லை. பார்த்தால் இல்லை என்று இருக்கும்.

ஒக்டோபர் 16

ஒன்பது பாகை. மேற்குக் காற்று, இலேசானது. இலைகள் பெரும்பாலும் விழுந்துவிட்டன.

நான்தான் கேட்டேன், கூட்டிக்கொண்டு போகச் சொல்லி. ஸ்ரௌவ்வில் என்ற ஊருக்குப் போகும் வழியில் ஒரு மயானம். சுற்றிலும் சோளக் கொல்லை, அறுத்துவிட்டார்கள். மகேஸ்வரன் ஓட்டினான். இந்த முறை வழி தவறவில்லை.

அலுவலகத்தில் ஒரு இளம்பெண். மிகவும் பொறுமையானவள். யாருக்கு என்று கேட்டாள். “எங்கள் வீட்டுக்கு” என்றாள் கிரேஸ். ஒரே கல்லில் எத்தனை பெயர் என்று அந்தப் பெண் கேட்டாள். கிரேஸ் எங்களைப் பார்த்து எண்ணி, மூன்று என்றாள்.

வழக்கம் போல ஒன்றும் சொல்லாமல் இருந்திருப்பேன்.

“நாலு” என்றேன். “என் மனைவி. அவருடையது எதுவும் இங்கே இல்லை. ஒன்றும் வைக்கப்போவதும் இல்லை. பெயரை மட்டும் பொறிக்கலாமா?”

பொறிக்கலாம் என்றாள். எந்த வரிசையில் என்று கேட்டாள். மகேஸ்வரன் தகப்பனைக் கேளுங்கள் என்றான். கிரேஸும் என்னைத்தான் பார்த்தாள். மூவரும் காத்திருந்தார்கள். நான் வரிசையைச் சொன்னேன்: மனோரஞ்சிதம், பிறகு நான், பிறகு மகன், பிறகு சுமிக்கோ. அது கிரேஸின் யப்பானியப் பெயர். அதைத்தான் பொறிக்க விரும்புகிறாள்.

வீட்டுக்கு வந்து 85ஆம் வருடப் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். முதலாவதைப் பற்றி இன்னும் தெரியாது. இரண்டாவது பாதி சரி. மூன்றாவதற்கு வேலை வரவில்லை. நாலாவது சரி, காரணம்தான் நான் நினைத்தது இல்லை.

ஐந்தாவது, விருந்தாளி என்றது, பிழை.